ஒயில் ஒழுகும் பவர் ஸ்ரேரிங்: கழற்ற முதல் கழுவுங்கள்

காலையில் மெசின் எடுக்க முதல் கால் போத்தல் விடவேண்டும். நான் சொல்வது மெசினுக்கு. பழைய உழவு மெசின், அதாவது ட்றக்டர், வைத்திருக்கும் பலருக்கு எங்கள் பக்கத்தில் இது பல்லுத் தீட்டுவது போல ஒரு காலைக் கடமையாகிவிட்டது. ஸ்ரேரிங் இறுகினால் ஒயில் விடுவார்கள், இளகினால் மறந்துவிடுவார்கள். ஆவணி முடிந்து புழுதி விதைப்புக்கு உழவு நெருங்கும்போதுதான், வயலுக்குள் நின்று இரண்டு கையாலும் சில்லைத் திருப்ப முடியாமல் மல்லுக்கட்டுவார்கள்.

அண்மையில் பழைய மெசின் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், ஸ்பனர் பிடிக்கத் தெரியும், ஆனால் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்றோலிக் பக்கம் கை வைத்ததில்லை என்றால் இது உங்களுக்கு. நான் கராச் வைத்திருப்பவன் அல்ல. யாழ்ப்பாணம் கோப்பாயில் கூலிக்கு உழவும் இழுவைப் பெட்டியில் ஏற்றியிறக்கலும் செய்கிற வீட்டுப் பிள்ளை. கீழே உள்ளதில் பாதி, பிழைவிட்டுப் படித்தது.

முதலில், ஒயில் அழுத்தத்தால் சில்லைத் திருப்ப உதவும் பவர் ஸ்ரேரிங் உங்கள் மெசினில் இருக்கிறதா என்று பாருங்கள். பகிடி இல்லை. மசி பேர்கசன் 135 வந்த காலத்தில் பவர் ஸ்ரேரிங் மேலதிகமாகக் காசு கட்டி எடுக்கிற பொருள். பல 135 களில் தோள்பலம்தான் ஸ்ரேரிங். அப்படியானதில் முன்பக்கம் ஒயில் சொட்டினால் அது எஞ்சின் ஒயில், இல்லையென்றால் ஸ்ரேரிங் பெட்டியின் தடித்த ஒயில். அது வேறு கதை.

கையை வைக்காதீர்கள்

யுத்தத்தால் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் எங்கள் ஆட்கள் கைதேர்ந்த வித்தைகள் பல. எண்ணெய்த் தாங்கியில் ஓட்டை விழுந்தால் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்து அடைப்பார்கள். ரேடியேற்றர் ஹோஸ் வெடித்தால் சைக்கிள் ரியூப்பைக் கீறிச் சுற்றிக் கட்டுவார்கள். உதிரிப்பாகம் வராத ஊரில் வேறென்ன செய்வது? அந்தக் கைப்பழக்கத்தில் ஸ்ரேரிங் ஹோஸுக்கும் ரியூப் சுற்றியிருப்பதை இன்றும் காண்கிறேன். அது மட்டும் வேண்டாம். ரேடியேற்றருக்குள் இருப்பது சதுர அங்குலத்துக்கு 7 முதல் 15 இறாத்தல் வரையான அழுத்தம். ஸ்ரேரிங் பம்பிலிருந்து போகும் ஹோஸில், சில்லை முழுதாக ஒடித்துப் பிடிக்கும்போது, அது 1000 இறாத்தலைத் தாண்டும்.

அந்த அழுத்தத்தில் ஊசித்துவாரம் ஒன்றால் பீறிடும் ஒயில் கண்ணுக்கே தெரியாது. தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியில் எறும்பு கடித்தது போல ஒரு புள்ளி. முதலில் பெரிய நோவும் இராது. சில மணித்தியாலத்தில் கை வீங்கும், சத்திரசிகிச்சை பிந்தினால் விரலே போகலாம். அப்படி நடந்துவிட்டால் மஞ்சளும் எண்ணெயும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கவேண்டாம். உடனே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போய், ஹைட்றோலிக் ஒயில் அழுத்தத்தோடு கைக்குள் ஏறிவிட்டது என்று அப்படியே சொல்லுங்கள்.

எஞ்சின் ஓடும்போது கசிவு தேடுவதென்றால் ஒரு காட்போட் மட்டையைப் பிடித்துத் தேடுங்கள். மட்டையில் ஈரக் கோடு விழும் இடம்தான் துவாரம். ஹோஸ் எதையும் கழற்ற முதல் எஞ்சினை நிறுத்தி, ஸ்ரேரிங்கை இரண்டு பக்கமும் நாலைந்து தரம் ஆட்டி, உள்ளே நிற்கும் அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். இழுவைப் பெட்டி கழன்றிருக்க வேண்டும், பின் சில்லுகளுக்குக் குற்றி வைத்திருக்க வேண்டும், கைப்பிறேக் இழுத்திருக்க வேண்டும்.

ஒயில் போகும் வழி

சுருக்கமாகத்தான். தாங்கியிலிருந்து பம்ப் ஒயிலை உறிஞ்சி, ஸ்ரேரிங் தண்டுக்குக் கீழே இருக்கும் வால்வுக்கு அனுப்பும். நீங்கள் திருப்பும் பக்கத்தைப் பொறுத்து வால்வு அதை ஸ்ரேரிங் சிலிண்டரின் ஒரு முனைக்கு விடும், மறுமுனை ஒயில் தாங்கிக்குத் திரும்பும். சில மெசின்களில் பழைய ஸ்ரேரிங் பெட்டி அப்படியே இருக்க, சிலிண்டர் கூடமாட உதவிக்கு மட்டும் நிற்கும். வேறு சிலதில் ஸ்ரேரிங்குக்கும் முன் சில்லுக்கும் இடையில் இரும்புத் தொடர்பே கிடையாது, ஒயில் மட்டும்தான். உங்களுடையது இரண்டாவது வகையென்றால் ஒயில் முடிந்த மெசினை றோட்டுக்கு எடுக்காதீர்கள். ஸ்ரேரிங் சுற்றும், சில்லு திரும்பாது.

ஒழுகும் இடம் வேறு, நனைந்த இடம் வேறு

புதிதாகத் தொடங்குபவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். முன் அக்சில் நனைந்திருக்கும், சிலிண்டர் அதன் மேலேயே இருக்கும், உடனே சிலிண்டர் சீல் (ஒயிலை வெளியே விடாத இறப்பர் வளையம்) போய்விட்டது என்று கழற்றிவிடுவார்கள். ஆனால் ஒயில் எப்போதும் கீழேயும், ஓடும்போது காற்றோடு பின்னாலேயும் போகும். மேலே ஒரு ஹோஸ் மூட்டில் கசிந்தது சட்டத்தின் வழியே வழிந்து சிலிண்டரின் அடியில் வந்து சொட்டும். எங்கள் வலிகாமத்துச் செம்மண் தூசி அதில் ஒட்டி, ஒரு பருவத்தில் கட்டியான சிவப்புக் களியாகிவிடும். அந்தக் களிக்குள் எது எங்கிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

ஆகவே முதல் வேலை கழுவுவது. பெரிய களியைத் தகட்டால் சுரண்டுங்கள். பிறகு தூரிகையில் மண்ணெண்ணெய் தொட்டு பம்ப், தாங்கி, ஹோஸ் மூட்டுகள், வால்வு, சிலிண்டர் எல்லாவற்றையும் தேயுங்கள். தாங்கி மூடியைச் சுற்றி மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஊத்தை உள்ளே விழக்கூடாது. கடைசியாகச் சவர்க்காரத் தண்ணீரால் அலசி வெயிலில் காயவிடுங்கள்.

காய்ந்த பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை ஒரு மெல்லிய துணியில் முடிந்து, சந்தேகமான இடங்கள் எல்லாவற்றிலும் தட்டுங்கள். வெள்ளையாக ஒரு படை படியவேண்டும். நான் இதை முதன்முதல் செய்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, மெசினுக்குத் திருநீறு பூசுறியே?” என்று கேட்டா. கிட்டத்தட்ட அதுதான். பூசிவிட்டு எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, ஒருவர் ஸ்ரேரிங்கை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் திருப்ப, மற்றவர் தள்ளி நின்று ரோச்லைற் அடித்துப் பாருங்கள். வெள்ளைக்குள் முதலாவதாக எங்கே கறுப்பு விழுகிறதோ அதுதான் ஊற்று. அதற்குக் கீழே நனைவதெல்லாம் வாய்க்கால்.

ஒயிலின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பென்றால் ஏ.ரி.எஃப் (ஓட்டோ கியர்ப் பெட்டிக்கு விடும் ஒயில்), தேன் நிறமென்றால் ஹைட்றோலிக் ஒயில், கரிக்கறுப்பென்றால் பெரும்பாலும் எஞ்சின் ஒயில். டீசல் மணத்தால் பிடிபடும்.

எங்கே கசிந்தால் என்ன அர்த்தம்

தாங்கி மூடிக்கருகே நனைந்திருந்தால் அதிகமாக ஒயில் விட்டிருக்கலாம், காற்று உள்ளே போயிருக்கலாம். மூடியில் ஒரு சின்ன மூச்சுத்துளை இருக்கும். அது செம்மண்ணால் அடைத்தால் ஒயில் மூடியின் விளிம்பால் பிதுங்கிக்கொண்டு வரும். ஒரு மெல்லிய கம்பியால் குத்தி ஊதினால் சரி. இப்படிச் சல்லிக்காசு செலவில்லாமல் முடிந்த கசிவுகளும் உண்டு.

ஸ்ரேரிங் தண்டு வால்வுக்குள் இறங்கும் இடத்தில் கசிந்தால் மேல் சீல் போயிருக்கிறது. ஆனால் அது ஏன் போனது என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். தாங்கிக்குத் திரும்பும் ஹோஸ் மடங்கியிருந்தாலோ, தாங்கிக்குள் இருக்கும் பில்ரர் அடைத்திருந்தாலோ, திரும்பிப் போக வழியில்லாத ஒயில் அந்தச் சீலைத்தான் தள்ளும். பில்ரரை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றினால் அதே சீலை இன்னொரு தரம் வாங்குவீர்கள். வால்வைப் பிரித்து உள்ளே போவது புதியவருக்கான வேலை அல்ல. அதற்குள் இருக்கும் பகுதிகளை எந்தப் பல்லில் இருந்து எடுத்தோமோ அந்தப் பல்லிலேயே பொருத்த வேண்டும், மாறிப் பொருத்தினால் ஸ்ரேரிங் தன்பாட்டில் சுழலும். அதைப் பழகிய ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

வெளியில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் தாங்கியில் ஒயில் குறைந்துகொண்டே போகிறதா? எஞ்சின் ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். பல பழைய மெசின்களில் பம்ப் பெல்ற்றால் சுற்றாது, எஞ்சின் முன்பக்கப் பல்லுப் பெட்டியோடு நேரே பூட்டியிருக்கும். அந்தப் பம்பின் தண்டுச் சீல் கிழிந்தால் ஸ்ரேரிங் ஒயில் எஞ்சினுக்குள் இறங்கும். கம்பியில் அளவு ஏறியிருக்கும், ஒயில் வழமையை விட நீர்த்திருக்கும். இதுதான் எல்லாவற்றிலும் பொல்லாத கசிவு, கண்ணில் படாது, எஞ்சின் பெயரிங்கைத் தின்றுவிடும். பம்ப் சீலை மாற்றுவதோடு எஞ்சின் ஒயிலையும் முழுதாக மாற்றுங்கள்.

ஹோஸும் செம்பு வாசரும்

ஹோஸ் இறப்பர் வெடித்திருந்தால் அல்லது நசுக்கிப் பூட்டிய இரும்பு வாயருகே கசிந்தால் ஹோஸை மாற்றுவதுதான் வழி. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். நீளம், இரண்டு பக்க மரையும், வாய் திரும்பியிருக்கும் கோணம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். கம்பிப் பின்னல் உள்ள ஹைட்றோலிக் ஹோஸ்தான் வேண்டும், மெசினால் நசுக்கிப் பூட்டவேண்டும். அழுத்த ஹோஸில் ஸ்குறூ கிளிப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். தாங்கிக்குத் திரும்பும் ஹோஸில் கிளிப் போடலாம், அங்கே அழுத்தம் குறைவு.

மரையில் வெள்ளை ரெவ்லோன் ரேப் சுற்றாதீர்கள். தண்ணீர்க் குழாய்க்கு நல்லது. இங்கே அதன் துணுக்கு பிய்ந்து வால்வுக்குள் போய் நிற்கும். இந்த மூட்டுகளில் அடைப்பது மரை அல்ல, முகமும் வாசரும்தான். செம்பு வாசர் போட்ட மூட்டென்றால் புதியது போடுங்கள். கிடைக்காவிட்டால் பழையதைச் சிரட்டைக் கரி நெருப்பில் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போடுங்கள். இரும்பு என்றால் இறுகும், செம்பு இளகிவிடும். இரண்டு பக்கமும் எமரி பேப்பரில் மினுக்கிப் பூட்டினால் மறுபடி அமரும். தடைக் கால வித்தைகளில் இன்றும் நான் விடாதது இது ஒன்றுதான்.

சிலிண்டர் சீல்

பவுடர் காட்டிய இடம் சிலிண்டரின் வாயென்றால், அதாவது மினுங்கும் தண்டு உள்ளே போய்வரும் இடமென்றால், ஒரு பகல் வேலை இருக்கிறது. இதற்கு மெசினை உயர்த்தத் தேவையில்லை, சில்லுகள் நிலத்திலேயே நிற்கட்டும்.

ஹோஸ் இரண்டையும் கழற்ற முதல் எது எந்தப் பக்கம் என்று துணி கட்டி அடையாளம் வையுங்கள். மாறிப் பூட்டினால் இடப்பக்கம் திருப்ப வலப்பக்கம் போகும். ஹோஸ் வாய்களைச் சுத்தமான பொலித்தீனால் கட்டுங்கள். சிலிண்டரின் முனையில் போல் ஜொயின்ற் (உருண்டை மூட்டு) இருந்தால் ஸ்பிளிற் பின்னை எடுத்து நட்டைக் கழற்றுங்கள். அது இலேசில் விடாது. மரையின் தலையில் அடித்தால் மரை காளான் போல விரிந்துவிடும். அது குந்தியிருக்கும் கண்ணின் ஒரு பக்கத்தில் பாரமான சுத்தியலை அண்டை கொடுத்து, மறுபக்கத்தில் இன்னொரு சுத்தியலால் அடியுங்கள். இரண்டு மூன்று அடியில் தானாக விழும்.

கழற்றிய சிலிண்டரை வைஸில் அதன் அடிமுனையில்தான் பிடிக்கவேண்டும். நடு உடம்பை நெரித்தால் உள்துவாரம் கோணும். வாய்மூடி சிலதில் மரையால் கழலும், சிலதில் உள்ளே சேர்க்கிளிப் இருக்கும். கழற்றித் தண்டை நேராக இழுத்தெடுங்கள். பழைய சீல்களைக் கிண்ட முதல் கைபேசியில் படம் எடுங்கள், எந்தச் சீல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று தெரியவேண்டும்.

இப்போது புதுச் சீல் வாங்க ஓடாதீர்கள். தண்டைத் துடைத்து, வெயிலுக்குப் பிடித்து, நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள்.

எனது மெசின் பருத்தித்துறைப் பக்கம் கடற்கரையோரம் நெடுநாள் வெளியில் நின்றது. வாங்கின வருடம் சீல் மாற்றினேன், மூன்றாம் நாள் ஒழுகியது. கடைக்காரன் பழைய சீலைத் தந்துவிட்டான் என்று மனதுக்குள் பேசிக்கொண்டு இன்னொன்று வாங்கிப் போட்டேன், அதுவும் ஒரு கிழமைதான். மூன்றாம் தரம் சித்தப்பா வந்தார். சீலைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்து நகத்தைத் தண்டில் வைத்து இழுத்தார். “தட்டுதே?” என்றார். தட்டியது. ரவைக் குறுணி அளவில் மூன்று துருக்குழிகள், தண்டு வெளியே நீண்டு நின்ற பகுதியில் மட்டும். ஒவ்வொரு தரம் ஸ்ரேரிங் திருப்பும்போதும் அந்தக் குழிகளின் விளிம்பு சீலின் இதழைத் திருவலை மாதிரித் திருவியிருக்கிறது. “சீல் பாவமடா, அதைப் போய்க் குற்றம் சொல்லுறாய்” என்றார்.

நகம் தட்டாத மெல்லிய கீறலென்றால் 600 இலக்க எமரி பேப்பரை ஒயிலில் நனைத்து, தண்டைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் போதும், நீளவாக்கில் தேய்க்கக்கூடாது. நகம் தட்டினால் தண்டு மாற்றவேண்டும். லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து குறோம் பூசுவிக்கலாம், இல்லையென்றால் உடைத்து விற்கும் பழைய மெசினில் நல்ல தண்டொன்று தேடலாம். செலவுதான். ஆனால் நான் வாங்கிய இரண்டு சீலும், வீணான இரண்டு பகலும் சும்மா வரவில்லை.

சீல் வாங்கும்போது மூன்று அளவு சொல்லவேண்டும்: உள்விட்டம், வெளிவிட்டம், உயரம். 25, 35, 7 என்று சீலிலேயே அடித்திருந்தால் அது மில்லிமீற்றர். பழைய இங்கிலாந்து மெசின்களில் அளவு அங்குலத்தில் இருக்கலாம். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீற்றர். 25 மில்லிமீற்றர்ச் சீல் அதில் ஏறிவிடும், ஆனால் இறுகி, சூடேறி, கெதியில் போகும். சீலை நம்பாமல் தண்டையும் வாய்மூடியின் குழியையும் வேர்ணியரால் அளந்து கொண்டுபோங்கள். யாழ் நகரத்தில் இல்லாவிட்டால் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடச் சொல்லி இரவு பஸ்ஸில் எடுப்பிக்கலாம். உள்ளே பிஸ்ரனில் இருக்கும் சீலையும் ஓ ரிங்குகளையும் சேர்த்து வாங்குங்கள். இவ்வளவு தூரம் கழற்றிவிட்டு அவற்றைப் பழையதாக விடுவது புத்தியில்லை.

பூட்டும்போது பிரதான சீலின் பிளந்த இதழ் ஒயில் இருக்கும் உள்பக்கம் பார்க்கவேண்டும். தூசி துடைக்கும் வெளிச்சீலின் இதழ் வெளியே பார்க்கவேண்டும். ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும் என்று நினைவில் வைத்தால் மாறாது. சீல் இறுக்கமாக இருந்தால் சுடுதண்ணீரில் சில நிமிடம் போட்டு, கஜுக்கொட்டை வடிவில் விரலால் வளைத்துக் குழிக்குள் விடுங்கள். ஸ்குறூ ட்றைவரால் நெம்பவேண்டாம். தண்டின் மரைக்கு மேலால் சீலைத் தள்ளும்போது மரையை ரேப்பால் சுற்றி மூடுங்கள், கூர் மரை புதுச் சீலை முதல் நொடியிலேயே கீறிவிடும். எல்லாவற்றுக்கும் நீங்கள் விடப்போகும் அதே ஒயிலைத் தடவுங்கள்.

ஒயில் விட்டுக் காற்று எடுத்தல்

எந்த ஒயில் என்பதை மெசினின் புத்தகம் சொல்லும். சிலதுக்கு ஏ.ரி.எஃப், சிலதுக்கு உழவு மெசின் ஹைட்றோலிக் ஒயில். பிறேக் ஒயில் ஒருபோதும் வேண்டாம், சீல் எல்லாம் ஊறிப் பருத்துவிடும். கசிவை நிறுத்தும் என்று போத்தலில் விற்கும் மருந்தும் சீலை ஊதவைத்துத்தான் வேலை செய்கிறது. உழவு நடுவில் இரண்டு நாள் ஓட்ட உதவும், குழிவிழுந்த தண்டை அது நிரப்பாது.

இப்போதுதான் முன்பக்கத்தை உயர்த்தவேண்டும். முன் அக்சில் நடுவில் ஒரு பின்னில் ஊஞ்சல் போல ஆடும் என்பதை மறக்காதீர்கள். உயர்த்த முதல் அக்சிலுக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு பக்கமும் மர ஆப்பு இறுக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பாமல் கீழே நல்ல பனங்குற்றி அடுக்குங்கள், செங்கல்லும் அரிகல்லும் வேண்டாம்.

தாங்கியை நிரப்பி, ஸ்ரொப் நொப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு நொடி ஸ்ராட் அடியுங்கள், எஞ்சின் பிடிக்காமலே பம்புக்குள் ஒயில் ஏறும். ஸ்ரேரிங்கைக் கையால் கரைக்குக் கரை திருப்பி, குறையும் ஒயிலை விடுங்கள். பிறகு எஞ்சினைப் பிடிக்கவைத்து, மெதுவான ஓட்டத்திலேயே பத்துத் தரம் திருப்புங்கள். கரையில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் நெரித்துப் பிடிக்கக்கூடாது. தாங்கிக்குள் ஒயில் பால் கலந்த தேத்தண்ணி போல நுரைத்திருந்தால் காற்று இன்னும் இருக்கிறது. நிறுத்தி, நீங்களும் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மறுபடி செய்யுங்கள். நுரை போய், பம்பின் முனகலும் நின்றால் அளவு பார்த்து மூடுங்கள்.

வடித்த பழைய ஒயிலை வேலியோரம் ஊற்றவேண்டாம். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், மேலே விட்டது எல்லாம் கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து சனம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். கலனில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் கராச்சில் கொடுங்கள்.

அன்றிரவு சிலிண்டருக்குக் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் மட்டை காய்ந்திருந்தால், ஒரு நாள் ஓடிய பின் மூட்டுகளை இன்னொரு தரம் ஸ்பனரால் தொட்டுப் பார்த்தால் போதும். பருவம் முடிந்து மெசினை நிறுத்தும்போது ஸ்ரேரிங்கைத் தண்டு உள்ளே போகும் கரைக்குத் திருப்பி நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் தண்டு நீளும் வகையென்றால், வெளியே தெரியும் பகுதிக்குக் கிறீஸ் பூசிப் பழந்துணியால் சுற்றிவிடுங்கள். அடுத்த உழவுக்கு முதல் அந்தத் துணியை அவிழ்த்து, கிறீஸைத் துடைத்த பிறகுதான் ஸ்ரேரிங்கைத் தொடவேண்டும்.